தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து நெபுலா படம்: எந்த வழி யாருக்கு?

நெபுலாவை, அதாவது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகத்தைப் படம் பிடிக்கும் ஆசை வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்பதுதான். நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களிடம் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன். இரவு எட்டு மணிக்கு மேல் மூன்று நான்கு மணி நேரம் நிம்மதியாக உட்கார உங்களுக்கு எந்த இடம் இருக்கிறது? ஓசூரில் அபார்ட்மென்ட் மாடியா, தருமபுரி டவுனில் சொந்த வீட்டு மொட்டை மாடியா, அரூர்ப் பக்கம் சொந்தக்காரர் தோட்டமா? வாங்க வேண்டிய கருவி எது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

ஏன் என்றால், நெபுலாவின் ஒளி மிக மங்கலானது. வானத்தின் பின்னணி வெளிச்சம் அதை எளிதாக மூழ்கடித்துவிடும். வானியலில் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற அலகில் அளப்பார்கள், ஒரு மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் சுமார் 2.5 மடங்கு. டவுன் வானம் தோட்டத்து வானத்தைவிட 2 மேக்னிட்யூட் பிரகாசமாக இருந்தால், பின்னணி வெளிச்சம் 6.3 மடங்கு ஆகிவிடும். அதே கேமராவும் அதே லென்ஸும் வைத்து அதே தரத்தை எட்ட, டவுனில் ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் ஓட்ட வேண்டும். தோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு டவுனில் ஆறு மணி நேரம். எவ்வளவு காசு போட்டாலும் இந்தக் கணக்கைச் சுலபமாக ஈடுகட்ட முடியாது. அதனால் இருட்டை முதலில் பார்ப்போம்.

நம் வானம் எப்படி இருக்கிறது

பெங்களூரு நமக்கு வடமேற்கே இருக்கிறது. ஓசூரில் அந்த நகரத்து வெளிச்சத்தோடு சிப்காட் விளக்குகளும் சேர்ந்து வானம் முழுக்க வெளுத்துக் கிடக்கும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனாலும் வடக்கு அடிவானம் வெளிறித்தான் இருக்கும். ஆனால் தெற்கே காவிரியை ஒட்டிய காடுகள், அதனால் தென் வானம் நல்ல இருட்டு. இது நமக்குப் பெரிய வசதி, ஏனென்றால் நாம் தேடும் பெரிய நெபுலாக்களில் முக்கியமானவை தெற்கேயோ தலைக்கு மேலேயோதான் வருகின்றன. திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரையன் கூட்டத்தில் உள்ள எம்42 என்ற ஓரையன் நெபுலா, இங்கே 72 டிகிரி உயரம் வரை ஏறும் (அடிவானம் 0, தலைக்கு நேர் மேலே 90). தனுசு ராசியில் உள்ள லகூன் நெபுலா 53 டிகிரி. தென் வானத்துக் கரினா நெபுலா 18 டிகிரி.

கரினாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. டெல்லியில்கூட அடிவானத்தை உரசிவிட்டு இறங்கிவிடும். நமக்கு 18 டிகிரி கிடைக்கிறது, அது போதும். குறுக்கே சுமார் 2 டிகிரி, அதாவது நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அளவு. ஆனால் தருமபுரியிலிருந்து நேர் தெற்கே சேலம் இருக்கிறது. கரினா ஏறி நிற்கும் அதே திசையில் அந்த நகரத்து வெளிச்சமும் நிற்கும். கரினாதான் இலக்கு என்றால் அஞ்செட்டிப் பக்கத்துத் தென் வானம் அதைவிட நல்லது. எம்42, ரோசெட் நெபுலா போன்றவை உயரத்தில் வருவதால் தருமபுரியைச் சுற்றிய எந்தக் கிராமமும் அவற்றுக்குப் பரவாயில்லை.

இடம் தேடும்போது பலரும் வத்தல்மலையைச் சொல்வார்கள். மலை அருமைதான், ஆனால் டவுன் கிட்டத்திலேயே இருப்பதால் ஒரு பக்கம் வெளிச்சம் ஏறி வரும். சித்தேரி மலை அதைவிட ஒதுங்கியது, இருட்டும் அதிகம். எங்கே போனாலும் வனத்துறை எல்லைக்குள் இரவில் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: ராகி முற்றும் காலத்தில் யானைகள் கூட்டமாகக் காட்டோரத்து வயல்களுக்கு வரும். அதுவும் ஓரையன் நெபுலா நன்றாகத் தெரியும் அதே குளிர்காலத்தில். பரணில் காவல் இருக்கிற விவசாயிகளிடம் கேட்காமல், காட்டை ஒட்டிய நிலத்தில் தனியாக டிரைபாட் விரிக்க வேண்டாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. ஊருக்கு நடுவே தெருவிளக்கு மறைகிற மாதிரி ஒரு களத்து மேடு கிடைத்தால், காட்டோரத்தைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மாதங்களைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு நம்பகமான காலம். ஒரே இரவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டிய இரவுகளைச் சொல்வேன். அமாவாசைக்கு முந்தைய இரவு என்பதால் நிலா விடியற்காலையில்தான் எட்டிப் பார்க்கும். இருட்டியதும் எம்42 உச்சியில், நள்ளிரவு தாண்டிக் கரினா தெற்கே, விடியும் முன் லகூன் தென்கிழக்கே எழும். கோயில் பக்கம் விளக்கும் சத்தமும் விடிய விடிய இருக்கும், அதனால் அன்றைக்கு ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இடம் பாருங்கள்.

நம்மைத் தாண்டி ஜவ்வாது மலையில், பக்கத்து மாவட்டத்தில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஓடுகிறது. யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பது தெரியவந்த 1977-ஆம் ஆண்டு நட்சத்திர மறைப்பை அங்கிருந்தும் பதிவு செய்தார்கள். ஊத்தங்கரைக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட அதே வானம்தான்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்பா, டிராக்கரும் கேமராவுமா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மற்ற வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்பில் லென்ஸ், சென்சார், மோட்டார், ஃபில்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மாடியில் வைத்து, போனில் பெயரைத் தொட்டால் தானே நெபுலாவைத் தேடிப் பிடித்து, பத்து இருபது விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக்கொண்டே போகும். ஒளி நுழையும் வாய் 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ. விலை அரை லட்சத்தைத் தாண்டும். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற ஓசூர்க்காரருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வைத்த பத்து நிமிடத்தில் படம் சேரத் தொடங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே இலக்கில் நேரம் சேர்க்கலாம். டவுன் வானம் கேட்கிற அந்த ஆறு மடங்கு நேரத்தை இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுத்துவிட முடியும்.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்50-இன் காட்சிப் பரப்பு சுமார் 1.3 டிகிரிக்கு 0.7 டிகிரிதான். எம்42 அதில் நெருக்கிப் பிடித்து உட்காரும். ரோசெட்டும் கரினாவும் அடங்காது. மொசைக் முறையில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம், ஆனால் இருக்கிற நேரம் துண்டுகளுக்குள் பங்காகிவிடும். அதனால் நெபுலாவுக்காகவே வாங்குகிறவர் சிறிய எஸ்30-ஐயும் பார்க்க வேண்டும். அதன் குவியத்தூரம் 150 மி.மீ., பரப்பு கிட்டத்தட்ட 2 டிகிரிக்கு 1.2 டிகிரி. வாய் சிறியது, ஆனால் பெரிய நெபுலாக்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். சின்ன வளைய நெபுலாக்கள், கேலக்ஸிகள் மேல் ஆசை இருந்தால் எஸ்50.

இன்னொரு குறை நம் அட்சரேகையால் வருவது. இந்தக் கருவிகள் சாதாரணமாக மேல்-கீழ், இட-வலம் என்று திரும்பித்தான் வானத்தைத் தொடர்கின்றன. இப்படித் தொடரும்போது தலைக்கு நேர் மேலே வரும் பொருள் படத்துக்குள் வேகமாகச் சுழலும், மோட்டாரும் திணறும். ரோசெட் நெபுலா இங்கே 83 டிகிரி வரை ஏறுவதால், சரியாக உச்சியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அதை விட்டுவிட்டு, ஏறும்போதோ இறங்கும்போதோ எடுப்பது நல்லது.

இப்போது டிராக்கர். ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற சிறு கருவி, பூமியின் சுழற்சிக்கு எதிர்த் திசையில் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு டி.எஸ்.எல்.ஆர் கேமராவும் 135 மி.மீ. லென்ஸும். சாம்யாங் 135 மி.மீ. எஃப் 2 லென்ஸ் இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஏ.பி.எஸ்.சி என்ற நடுத்தர அளவுச் சென்சாரில் அது சுமார் 9.5 டிகிரிக்கு 6.3 டிகிரி காட்டும். ஓரையனின் இடுப்பு நட்சத்திரங்கள் மூன்று, குதிரைத்தலை நெபுலா, எம்42 எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். எஸ்50 இதே வானத்தைத் துண்டு துண்டாகத்தான் காட்டும். எனக்கு இந்த அகலப் பார்வைதான் மனசுக்குப் பிடித்தது. நெபுலா தனியாக மிதக்கிற பொருள் இல்லை, பெரிய வாயுமேகத்தில் நட்சத்திரங்கள் ஒளியேற்றிய ஒரு பகுதி என்பது இந்தப் படங்களில்தான் புரியும்.

டிராக்கரின் சிக்கல் துருவ ஒழுங்கு. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை ஒட்டிய வான துருவத்தை நோக்க வேண்டும். தருமபுரியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஒரு தென்னை, ஒரு கரடு, கொஞ்சம் தூசி, ஏதோ ஒன்று போதும் அதை மறைக்க. வாங்குவதற்கு முன் அட்சரேகை அளவுகோல் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமா என்று கேளுங்கள், குளிர்நாட்டுச் சந்தைக்குச் செய்த சில தாங்கிகள் அவ்வளவு தாழாது. கேமராவைச் சமன் செய்யும் எடைக்கம்பி டிரைபாட் காலில் இடிப்பதும் நம் அட்சரேகையில் வழக்கம். இடையில் ஒரு நீட்டிப்புக் குழாய் வைத்தால் தீரும். துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில், வேறு பக்கத்து வானத்தைப் படமெடுத்துக் கணக்குப் போட்டு ஒழுங்கு செய்ய நினா மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. அதற்கு லேப்டாப்பைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போக வேண்டும், மோட்டார் கொட்டகையில் கரண்ட் இருந்தால் நல்லது.

கேமராவிலும் ஒரு விஷயம். ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரில் ஆழ்சிவப்பாக ஒளிர்கிறது. கடையில் விற்கும் சாதாரணக் கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எம்42-உம் கரினாவும் பிரகாசமானவை, சமாளித்துவிடும். ரோசெட்டும் குதிரைத்தலையும் சாதாரணக் கேமராவில் வெளிறிப் போகும். ஃபில்டரை மாற்றிய கேமராவில் அவை துலங்கும், ஆனால் அதே கேமராவில் கல்யாணப் படம் எடுத்தால் எல்லோர் முகமும் சிவந்து கிடக்கும். வீட்டில் ஒரே கேமரா என்றால் மாற்ற வேண்டாம். ஸ்மார்ட் டெலஸ்கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, அவை இந்தச் சிவப்புக்காகவே செய்யப்பட்டவை.

ஃபில்டர் எங்கே உதவும், எங்கே உதவாது

இருபட்டை ஃபில்டர் ஹைட்ரஜனின் 656.3-ஐயும் ஆக்சிஜனின் 500.7-ஐயும் ஒட்டிய ஒளியை மட்டும் விடும். டவுன் மாடிக்கு இது பெரிய துணை, நிலா இருக்கும் இரவைக்கூட ஓரளவு காப்பாற்றும். பழைய சோடியம் விளக்குக் காலத்தில் விற்ற சாதாரண ஒளிமாசு ஃபில்டரை இப்போது வாங்க வேண்டாம். சோடியம் விளக்கு மஞ்சளில் ஒரு குறுகிய இடத்தில்தான் ஒளிரும், அதை வெட்டுவது சுலபம். தெருவுக்குத் தெரு வந்துவிட்ட வெள்ளை எல்.இ.டி எல்லா நிறத்திலும் பரவுகிறது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றிய நீலப் புகைக்கு இருபட்டை ஃபில்டரும் உதவாது. அது நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் தூசி, தானாக ஒளிரும் வாயு இல்லை. அதற்கு இருட்டு ஒன்றே வழி. தோட்டக்காரர்களுக்கு ஃபில்டர் அவசியமே இல்லை என்பேன்.

மற்ற வழிகள்

கையில் ஏற்கெனவே கேமரா இருக்கிறது, வேறு செலவு செய்ய முடியாது என்றால் வெறும் டிரைபாட் போதும். 500-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் எடுக்கக்கூடிய விநாடி கிடைக்கும் என்பது பழைய கணக்கு. ஏ.பி.எஸ்.சி கேமராவில் குவியத்தூரத்தை முதலில் 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், அதனால் 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஆறு விநாடிக்குச் சற்று மேல், கூர்மை வேண்டுமென்றால் நான்கில் நிறுத்துங்கள். வான நடுக்கோட்டை ஒட்டிய ஓரையன்தான் மிக வேகமாக நகரும். கரினா துருவத்துக்கு அருகில் இருப்பதால் அதில் பாதி வேகம், அதனால் இரண்டு மடங்கு விநாடி கொடுக்கலாம். நானூறு படம் எடுத்து அடுக்கினால் எம்42-இன் இளஞ்சிவப்புச் சிறகு வந்துவிடும். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குளிரூட்டிய கேமரா, கனமான மவுன்ட், பெரிய டெலஸ்கோப் என்று லட்சங்களில் போகும் வழி நிரந்தரமாக வைக்க இடம் உள்ளவர்களுக்கு. ஐடெலஸ்கோப் மாதிரி வெளிநாட்டுத் தொலைநோக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதும் உண்டு. அக்டோபர், நவம்பரில் நம் வானம் மூடிக் கிடக்கும்போது படத்தைச் சீராக்கக் கற்றுக்கொள்ள அது உதவும். என்றாலும் நம் ஊர் வானத்தை நாமே பிடிக்கிற சந்தோஷம் அதில் வராது.

படத்தைச் சீராக்க: இலவசமா, காசா?

எந்தக் கருவி வாங்கினாலும் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான். இங்கே என் பதில் தெளிவானது: சிரில் மென்பொருளில் ஆரம்பியுங்கள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். நட்சத்திர அடையாளம் கண்டு படங்களை அடுக்குவது, பின்னணியில் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும் வெளிச்சத்தை நீக்குவது, நட்சத்திரங்களின் உண்மையான நிறத்தை வைத்து வண்ணம் சரிசெய்வது, மங்கலை மெல்ல மேலே தூக்குவது எல்லாம் அதிலேயே முடியும். டவுன் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் ஓசூர்ப் படங்களுக்கு கிராக்ஸ்பெர்ட் என்ற இன்னொரு இலவசக் கருவி நன்றாக வேலை செய்யும். கடைசி மெருகுக்கு ஜிம்ப். பிக்ஸ்இன்சைட் இதைவிட ஆழமானது, பல ஆயிரம் ரூபாய் ஆகும், கற்கவும் மாதங்கள் வேண்டும். சிரிலில் நீங்கள் செய்ய நினைத்த ஏதோ ஒன்று முடியாமல் போகும் வரை அதை வாங்க வேண்டிய தேவை வராது.

ஸ்மார்ட் டெலஸ்கோப் தரும் முடிந்த படத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? போனில் அனுப்பிக் காட்ட அது போதும். ஆனால் தனித்தனி மூலப்படங்களைச் சேமிக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். பல இரவுகளின் படங்களைச் சேர்த்து சிரிலில் அடுக்கினால் அதே பெட்டியிலிருந்து வேறொரு தரத்தில் படம் வரும். நேரத்தை நான்கு மடங்காக்கினால் இரைச்சலுக்கு எதிரான தெளிவு இரண்டு மடங்காகும் என்பதுதான் விதி, அதனால் ஒரே இலக்கில் பொறுமையாக இருப்பது பத்து இலக்குகளைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட மேல்.

டிராக்கர்க்காரர்கள் டார்க், ஃபிளாட் என்ற திருத்தப் படங்களை எடுப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஏப்ரல் இரவிலும் நம் ஊரில் சூடு இறங்காது. குளிரூட்டாத சென்சாரில் சூட்டினால் வரும் புள்ளிகள் ஏராளம். லென்ஸை மூடி, அன்றைய இரவிலேயே, அதே எக்ஸ்போஷர் நேரத்தில், அதே ஐ.எஸ்.ஓ-வில் இருபது டார்க் எடுத்துவிடுங்கள். ஜனவரியில் எடுத்த டார்க் ஏப்ரல் படத்துக்குச் சேராது. ஃபிளாட்டுக்கு, விடிந்ததும் லென்ஸ் மேல் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி வானத்தைப் பார்த்து எடுத்தால் போதும். தூசி வட்டமும் ஓரத்து இருளும் நீங்கிவிடும்.

எம்42-க்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு வேண்டும். அதன் நடுவே டிரபீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. வெளிச்சிறகு தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷர் கொடுத்தால் நடு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். இரண்டு மூன்று விநாடிப் படங்களைத் தனியாக ஒரு தொகுப்பு எடுத்து, அதன் நடுப்பகுதியை நீண்ட படத்தோடு இணைக்க வேண்டும். ஒரே தொகுப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நிறம் பற்றியும் ஒரு தேர்வு வரும். இருபட்டைப் படத்தில் ஹைட்ரஜனைச் சிவப்புக்கும் ஆக்சிஜனை பச்சை, நீலம் இரண்டுக்கும் கொடுத்தால் சிவப்பும் மயில்நீலமுமாக வரும். ஹப்பிள் படங்களின் பொன்னும் நீலமும், கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜனுக்கு விஞ்ஞானிகள் ஒதுக்கிக் கொடுத்த நிறங்கள். இரண்டும் நியாயமானவையே, எதைச் செய்தீர்கள் என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் கருவிகளை மட்டும் மிக லேசாகப் பயன்படுத்துங்கள். குறைந்த நேரத்துப் படத்தில் அவற்றை அழுத்தினால், வானத்தில் இல்லாத இழைகள் வந்துவிடும். அந்த இழைகளை நீங்கள் பிடித்ததாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் யாருக்கு எது

ஓசூர், கிருஷ்ணகிரி டவுன், தருமபுரி டவுனில் இருந்து, வாரம் ஓரிரு இரவு மாடி ஏறத்தான் முடியும் என்றால் ஸ்மார்ட் டெலஸ்கோப். நெபுலா மட்டும் போதும் என்றால் எஸ்30, எல்லாம் வேண்டும் என்றால் எஸ்50.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, தளி பக்கம் வீடோ தோட்டமோ இருந்து, தெற்கு திறந்து கிடந்தால் டிராக்கரும் 135 மி.மீ. லென்ஸும்தான். அந்த இருட்டில் ஸ்மார்ட் டெலஸ்கோப்பின் சின்னச் சட்டம் இடத்தை வீணாக்குவது மாதிரி. எஃப் 2 லென்ஸ் ஒரே இரவில் அள்ளிவிடும். டவுனில் வீடு, கிராமத்தில் தோட்டம் என்று இரண்டும் உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன். மாதம் ஒரு அமாவாசை வாரம் தோட்டத்துக்குப் போனால், முப்பது நாள் மாடியில் சேர்ப்பதைவிட நல்ல படம் கிடைக்கும்.

கல்லூரி மாணவர் என்றால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுக் கேமரா, டிரைபாட், சிரில். ஒரு சீசன் முழுக்க எம்42-ஐயும் கரினாவையும் எடுத்துப் பாருங்கள். ஹப்பிளின் மூலத் தரவுகள் பொதுவில் கிடக்கின்றன, மழை மாதங்களில் அவற்றை இறக்கிச் சீராக்கப் பழகுங்கள்.

கேமராவைப் பழையதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். லென்ஸை மூடி, ஐ.எஸ்.ஓ 1600-இல் 30 விநாடி ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கங்கே சிவப்பு, நீலப் புள்ளிகள் இருப்பது சாதாரணம், டார்க் அவற்றைக் கழித்துவிடும். ஒரு ஓரம் முழுக்க ஊதா நிறத்தில் ஒளிர்ந்தாலோ வரிவரியாகக் கோடு விழுந்தாலோ, பகல் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கேமரா நெபுலாவுக்கு வேண்டாம், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.